நான்காம் நம்பர் நட்டு

சனிக்கிழமை இரவு, பழைய பெட்ஷீட் விரித்து
எல்லாவற்றையும் தரையில் கொட்டினோம்.
கேம் ஆறு. நட்டு பதினொன்று. கொக்கி மூன்று.
கூரியர் பையன் கேட்டிருந்தான்,
"கேம்னு போட்டிருக்கு, பிள்ளைகளுக்காக்கா?"
ஆமா என்றேன்.
ஜெஸ்லின் இன்னும் சிரிக்கிறாள்.
ஃப்ரிட்ஜ் வாங்கப் போட்ட சீட்டுப் பணம்.

கயிற்றில்தான் முதல் சண்டை.
முப்பந்தலில் கம்பெனிக் கயிறு
காற்றாலை இறக்கையோரம்
வாரத்தில் ஆறு நாள் என்னைத் தொங்கவிடுகிறது.
"அதையே எடுத்துட்டு வாயேன், ஓசிதானே."
அது தொங்குவதற்கு, ஜெஸ்லின்.
விழுவதற்கு இல்லை.
அவள் தம்பி கிளாறன்ஸ் குளச்சலிலிருந்து
வலைக்கயிறு ஒரு சுருள் கொடுத்தனுப்பினான்,
சுறாவே அறுக்காது என்று.
சுறா வேறு,
மேலேயிருந்து வரும் ஐம்பத்தெட்டு கிலோ வேறு.
நீளாத கயிறு ஆளைப் பிடிக்கும்,
பிடித்த கையோடு இடுப்பையும் ஒடிக்கும்.
நீளுகிற கயிறு வாங்கினோம். பச்சை நிறம்.
விலையை அவள் அம்மாவிடம் சொல்லவில்லை.

போல்ட் அடித்தால் லேசு என்றாள்.
மணக்குடியில் அவள் வீட்டு ஜன்னல் கம்பி
மூன்றே வருடத்தில் பொரிந்து
கையோடு வந்ததை நினைவுபடுத்தினேன்.
அதோடு பேச்சு நின்றது.

ஞாயிறு, முதல் பூசை மணிக்கு முன்னால்
தாடகை மலைப் பக்கம்,
யாரும் பேர் வைக்காத ஒரு பாறை.
முன்னால் சரிந்த முகம்,
நடுவில் விரல் நுழையாத வெடிப்பு.
கை வைத்து ஏற முடியாது.
வைத்ததன் மேல் நின்று ஏறலாம்.

சக்கையைத் தட்டுவது போலத் தட்டிப் பார்.
பழுத்த சத்தம் வந்தால் விட்டுவிடு.
காய்ச் சத்தம் வந்தால் வை.
கேமின் வாலை இழுத்தால் ஒடுங்கும்,
விட்டால் பொந்துக்குள் நண்டு மாதிரி
நாலு காலும் பரப்பும்.
நட்டுக்கு ஸ்பிரிங் கிடையாது.
மேலே அகன்று கீழே குறுகும் இடம் தேடி
அதை உட்கார வைக்க வேண்டும்.
பிறகு நாடா ஏணியை மாட்டி,
மெல்ல மிதி. அப்புறம் உதை.
அப்புறம் முழு உடம்போடு குதி.
வருவதாக இருந்தால் இப்போதே வரட்டும்.

பதினாலு மீட்டர் ஏற மூன்று மணி நேரம்.
மேலே வெடிப்பு மூடிக்கொண்டது.
ஒரு ரூபாய்க் காசு கனத்தில் விளிம்பு,
அதில் கொக்கி.
மிதித்தேன். இருந்தது.
உதைத்தேன். இருந்தது.
மூக்கு அரித்தது.
சொறியக் கை எடுத்தேன்.

சத்தம் கேட்டதாக ஜெஸ்லின் சொல்கிறாள்.
எனக்குக் கொக்கி கண்ணுக்கு நேராக வந்தது மட்டும்தான்.
அடுத்திருந்த நட்டு பிடுங்கிக்கொண்டு பின்னாலேயே வந்தது,
என்னை விட அவசரமாய்.
அதற்கும் கீழே
வயர் வளைந்து, வேண்டாம் வேண்டாம் என்று
பெட்ஷீட்டில் மூன்று முறை ஒதுக்கி வைத்த
செகண்ட் ஹேண்ட் மஞ்சள் கேம்.

பச்சைக் கயிறு நீண்டது, நீண்டது,
ஒரு பெருமூச்சு அளவு.

தலைகீழாகப் பார்த்தேன்:
ஆரல்வாய்மொழிக் கணவாய் முழுக்க
காற்றாலைகள் நிற்கின்றன, பிப்ரவரிச் சோம்பலில்.
கீழே ஜெஸ்லின்
தரையிலிருந்து ஒரு முழம் தூக்கப்பட்டு,
ஒரு செருப்பில்லாமல், என் எடைக்கு எதிர் எடையாய்.
"பல்லு இருக்கா?"
"இருக்கு."
"அப்ப எறங்குட்டி. பசிக்குது."

இறங்கும் வழியில் ஒவ்வொன்றாய்க் கழற்றினேன்.
மஞ்சள் கேம் சொன்னதும் வந்துவிட்டது.
அதற்கும் கீழே நான்காம் நம்பர் நட்டு வரவில்லை.
தட்டினேன், ஆட்டினேன், கெட்ட வார்த்தை சொன்னேன்.
நான் அதை நம்பவே இல்லை,
ஏறும்போது சும்மா ஒரு பேச்சுக்கு வைத்தது.

திங்கட்கிழமை சேஃப்டி ஆபீசர்
தொடையில் கன்றிய பட்டையைப் பற்றிக் கேட்டார்.
பைக்கில் விழுந்தேன் என்றேன்.
இரவில் நோட்டை எடுத்து
வரவு செலவு எழுதினாள் ஜெஸ்லின்:
கேம் ஆறு. கொக்கி மூன்று,
ஒன்றின் மூக்கு மழுங்கல்.
நட்டு பத்து.
பதினொன்றாவதுக்கு நேரே
'தொலைந்தது' என்று எழுதி, அடித்துவிட்டு,
'மலைக்குக் கடன்' என்று எழுதினாள்.
வட்டி எவ்வளவு என்று கேட்டேன்.
அடுத்த ஞாயிறு என்றாள்.