ஆறு இதழ், ஏழு இதழ்

பெயரை நம்பிக் கடைக்குப் போனேன்,
பவளமல்லிக்குப் பவளம்தானே என்று.
ஜவேரி பஜார், தோஷி கடை, மூன்றாம் மாடி.
படியெல்லாம் ஆவணி மழைச் சகதி.
அவர் கொட்டிக் காட்டிய பவளம் அத்தனையும்
சளி பிடித்த மூக்குநுனிச் சிவப்பு.
கைக்குட்டையில் மடித்துக்கொண்டுபோன பூவோ
செம்பூரில் ஏறி மஸ்ஜித்தில் இறங்குவதற்குள்
வெள்ளை கருகிப்போயிருந்தது.
காம்பு மட்டும் விடாப்பிடியாக ஆரஞ்சு.

பெயர் வைத்தவர்
எந்தக் கடலில் எந்தப் பவளம் பார்த்தாரோ.

கார்னீலியன் எடுத்தேன், ஒரு சரம்.
நெயில் பாலிஷ் ரிமூவரில் பஞ்சைத் தோய்த்து
சாயமா என்று தேய்த்துப் பார்த்தேன்.
கல் நிறம் விடவில்லை.
காலையில் பொறுக்கிய காம்புதான்
கட்டைவிரலில் மஞ்சள் இறக்கியிருந்தது.

இதழுக்குக் கேஷி முத்து.
உருண்டை முத்து பூவாகாது,
மொட்டாக இருக்க மட்டும் சம்மதிக்கும்.
கேஷி வேறு சாதி:
உள்ளே கரு இல்லாமல்
சிப்பி தன்பாட்டுக்குச் சுற்றிவைத்த பிசகு.
சப்பை. ஓரம் சுருண்டது.
ஒன்றைப் போல ஒன்று கேட்டால்
தோஷி சிரிப்பார்.

எங்கள் சொசைட்டியில் மோட்டார் ரூமுக்குப் பின்னால் ஒரு மரம்.
காலை ஆறேகால்,
செய்தித்தாளை விரித்துப் பொறுக்கிப் போட்டு
இதழ் எண்ணினேன்.
ஆறு, ஆறு, ஏழு, ஐந்து,
ஆறு, எட்டு, மறுபடி ஏழு.
நாற்பதோடு நிறுத்திக்கொண்டேன்.
காற்றாடிபோல் ஒரு பக்கமாகச் சாய்வதைத் தவிர
வேறெதிலும் அவற்றுக்குள் ஒப்பந்தம் இல்லை.

அப்போதுதான் இதையும் பார்த்தேன்:
விழுந்தவை பெரும்பாலும் குப்புற.
முகம் மண்ணில், காம்பு மேலே.
இரண்டு வாரமாக நான் வரைந்ததெல்லாம்
பாஸ்போர்ட் போட்டோவுக்கு உட்கார்ந்த மாதிரி
நேரே பார்க்கும் பூ.

கிழித்தேன்.

காம்பு கொக்கியில்,
இதழ்கள் தோளைப் பார்த்துக் கவிழ்ந்து.
காதை விட்டுப் புறப்பட்டு
இன்னும் தரைக்கு வந்துசேராத பூ.

தோட்டைக் கேட்டவள் மிருணாள் சப்னிஸ்.
தாதரில் அவள் கட்டட வாசலிலும்
அதே மரம்.
குரல் செய்தி அனுப்பினாள்:
ரொம்ப அழகு.
ஆனால் இடதில் ஆறு இருக்கிறது, வலதில் ஏழு.
சரிசெய்ய முடியுமா?

கீழே இறங்கிப் போய் எண்ணுங்கள் என்று
அடித்தேன். அழித்தேன்.
பணம் கொடுத்தவளைப் பூப்பொறுக்கச் சொல்வதா?
திங்கட்கிழமை அனுப்புங்கள் என்றேன்.

திங்கள் வரவில்லை.
செவ்வாய் காலை போன் வந்தது. வலது தோடு இல்லை.
கல்யாண வரவேற்பு முடிந்து
நள்ளிரவு தாண்டி வந்திருக்கிறாள்.
வாட்ச்மேன் சாவியோடு வரும்வரை
மரத்தடியில் நின்றிருக்கிறாள்,
பூ உதிர்கிற நேரம்.

கிடைத்துவிட்டது என்று பத்து மணிக்கு மறுபடி போன்.
பால்காரர் அதைத் தாண்டிப் போயிருக்கிறார்.
பூஜைக்குப் பூ எடுக்க வந்த ரெண்டாம் மாடி மாமா
அதற்கு ஒரு சாண் தள்ளி
உட்கார்ந்து பொறுக்கியிருக்கிறார்.
பெருக்க வந்த சுலபாவின் துடைப்பத்துக்கு
எல்லாப் பூவும் நகர்ந்ததாம்,
ஒன்றைத் தவிர.

ஏழைப் பற்றி மிருணாள் பேச்செடுக்கவில்லை.
கொக்கிக்கு ஒரு ரப்பர் அடைப்பான் மட்டும் கேட்டாள்.
அடைப்பான் வைக்காதது என் தப்பு. ஒப்புக்கொண்டேன்.
போனை வைத்துவிட்டு
அந்த மாமாவை நினைத்து
சமையலறையில் தனியாகச் சிரித்தேன்.

பிறகு தராசை எடுத்தேன்.
மேஜையில் கிடந்த மாதிரித் தோடு
மூன்று கிராம், புள்ளி நான்கு.
துடைப்பம் சொன்னது சரி.
இருபத்துநாலாம் நம்பர் கம்பியைச் சுருட்டி உள்ளே வைத்தேன்.
இருபத்தெட்டைப் பிரித்தேன்.