அரைப்புள்ளி

செக்காலை ரோடு, பிரியாணிக் கடைக்கு மேலே
ஒற்றை அறை. ஏசி இல்லை, யுபிஎஸ் உண்டு.
கோவில் கணக்கர் தண்ணீர்மலை
திருநீறு மடித்த தாளுக்குள் வைத்து
ஒரு பென்டிரைவ் தந்தார்.
"மூவாயிரத்து நானூறு புள்ளி.
எல்லாம் பாமினியில் அடித்தது.
யூனிகோடாக வேண்டும், வெள்ளிக்குள்."

புள்ளி என்றால் இங்கே ஒரு குடும்பம்.
கல்யாணம் முடிந்தால் புள்ளி.
இருவரில் ஒருவர் போனால் அரைப்புள்ளி,
வரியும் பாதி.
எனக்கோ புள்ளி என்பது
மெய்யெழுத்தின் தலையில் உட்காருவது.

எளிய வேலைதான்.
இந்த எண்ணுக்கு இந்த எழுத்து என்று ஓர் அட்டவணை.
கொம்புதான் கொஞ்சம் தகராறு:
பழையதில் கண் பார்க்கும் வரிசையில் முன்னால் நிற்கும்,
புதியதில் நாக்கின் வரிசையில் பின்னால் போகும்.
தூக்கிப் பின்னால் வைத்தேன்.
பிறகு ஒரு நல்லெண்ணம்.
கை தவறி இரண்டு முறை விழுந்த புள்ளிகளை
ஒன்றாக்க ஒரே ஒரு வரி.
எழுதியபோது பெருமையாக இருந்தது.

நான்கு நொடி. பிழைகள்: பூஜ்யம்.

பத்தாம் நாள் தண்ணீர்மலை படியேறி வந்தார்.
"நாற்பத்தொரு அரை முழுசாகிவிட்டதம்மா.
பள்ளத்தூர் உமையாள் ஆச்சிக்கு
முந்நூறுக்குப் பதில் அறுநூறு என்று சீட்டுப் போயிருக்கிறது.
போன் பண்ணினார்கள். கோபமில்லை.
'யாரைச் சேர்த்து எண்ணினீர்கள்?'
அவ்வளவுதான் கேட்டார்கள்."

பழைய கோப்பைத் திறந்தேன்.
அடித்தவர் ஒழுங்கானவர்.
அரைப்புள்ளி வீட்டுக்கு அரைப்புள்ளியையே போட்டிருக்கிறார்,
பெயர் முடிந்ததும் ஆங்கில எழுத்துருவுக்கு மாறி.
பிறகு யாரோ, இடம் மிச்சம் என்று,
வெறும் உரையாகச் சேமிக்க
எழுத்துரு உதிர்ந்துபோய்
எண் மட்டும் மிஞ்சியது. ஐம்பத்தொன்பது.
வலது சுண்டுவிரல் ஓய்வெடுக்கும் விசை:
ஆங்கிலத்தில் அரைப்புள்ளி,
பாமினியில் மெய்யின் புள்ளி.

சிகப்பியும் அலமேலுவும் தப்பித்தார்கள்.
உயிரில் முடிந்த பெயர்கள்;
ஒட்ட இடமில்லாமல் புள்ளி
ஒரு வெற்று வட்டத்தின் தலையில் தொங்க,
தண்ணீர்மலை கையாலேயே திருத்திவிட்டார்.
மெய்யில் முடிந்தவர்கள்தான்,
உமையாள், தேனாள், சாத்தப்பன்,
இரண்டாவது புள்ளியை என் நல்லெண்ணத்திடம்
சத்தமில்லாமல் இழந்தவர்கள்.

ஊகிக்க விடலாம். நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது சரியாக வரும்,
மிச்சம் ஒன்று யார் வீடு என்று தெரியாது.
சந்தேகத்தை எல்லாம் கேள்விக்குறியாக்கலாம்;
கோப்பு ஓடும், ஆள் காணாமல் போவார்.
முதல் சந்தேகத்திலேயே நின்றுவிடலாம். நேர்மைதான்.
திருவிழா முடிந்திருக்கும்.

நான் எடுத்தது அழகில்லாத வழி.
ஒவ்வொரு வரியின் பக்கத்திலும்
பழைய எண்களை அப்படியே வைத்தேன்,
என்றாவது திரும்பிப் போக வேண்டியிருந்தால்.
கோப்பு மூன்று மடங்கு வீங்கியது.
புள்ளி இரட்டித்தால் நிரல் நிற்கும், கேட்கும்.
அதற்குப் பதில் என்னிடம் இல்லை.

இரண்டு மாலை, கீழே அண்டா இறங்கும் சத்தத்தில்,
தண்ணீர்மலை சொல்லிக்கொண்டே வந்தார்:
அரை. அரை. கை தவறியது, முழுசு. அரை.
ஓரிடத்தில் விரலை நீட்டி,
கேட்ட வரியை விட்டு அடுத்த வரியைக் காட்டினார்.
வயிரவன்.
ஒற்றைப் புள்ளி. சுத்தமான வரி.
நிரலுக்கு அங்கே கேட்க ஒன்றுமில்லை.
"இது போன வாரம்தான்" என்றார்.

சுண்டுவிரல் ஏற்கெனவே அந்த விசை மேல்தான் இருந்தது.
அழுத்தினேன்.