பாலம் தூக்கிய நேரம்

பூசான், 1952

மணி அடித்ததும்
சாலை எழுந்து நின்றது,
தண்டவாளத்தோடு,
காலையில் போன மாட்டு வண்டியின் சாணத்தோடு.
ஒரு கட்டி உருண்டு வந்து
போலீஸ்காரரின் பூட்ஸில் முட்டியது.
யாரும் சிரிக்கவில்லை, அவர் பார்க்கும்வரை.

கீழே கப்பல் போகிறது. மெதுவாகவே போகட்டும்.
இந்தப் பதினைந்து நிமிடம்தான் எனக்கு வியாபாரம்.
காய்ந்த கணவாய், கரியில் வாட்டியது.
நடக்கிறவனுக்குத் தெரியாத பசி
நிற்கிறவனுக்குத் தெரிந்துவிடும்.

கைப்பிடிச் சுவர் முழுக்கத் தாள்கள்.
"ஹம்ஹுங் தையற்காரர் ஹோங் யுன்பியோ.
இடது காது மடல் பாதி இல்லை.
பார்த்தால் சொல்லுங்கள், இங்கேதான் இருக்கிறேன்."
இங்கே என்றால் எங்கே?
எழுதியிருப்பாள். மழை தின்றிருக்கும்.

உங்சாம் வந்தான்,
முதுகுச் சட்டத்தில் ஆளுயரக் கண்ணாடியோடு.
எந்த அதிகாரியின் மனைவிக்கோ.
இறக்கினால் மறுபடி தூக்கிவிட ஆள் கிடையாது;
கோலை முட்டுக்கொடுத்துக்
குனிந்தபடியே நின்றான்.

அப்புறம் என்ன?
ஷூ பாலிஷ் பையன் நாக்கை நீட்டினான்.
டிராம் கண்டக்டர் தொப்பியைச் சரித்து வைத்தார்,
பிடிக்காமல் நேராக்கினார்.
நானும் எட்டிப் பார்த்தேன்:
என் மூக்கு இவ்வளவு கோணலா?
ஒருத்தரும் சொன்னதில்லையே.

ஹம்ஹுங்காரியும் வந்தாள்.
விரலை எச்சிலில் நனைத்துப் புருவத்தை நீவினாள்.
நீவிய விரல் பாதியில் நின்றது.

தினமும் இந்தப் பாலத்தில் அவள் பார்ப்பது
தன்னைத் தாண்டிப் போகும் முதுகுகளை.
இன்றைக்கு மொத்தக் கூட்டமும்
ஒரே சட்டத்துக்குள், முகமாக.
அரிசியில் கல் பார்ப்பதுபோலப் பார்த்தாள்,
இடமிருந்து வலம்,
ஒவ்வொரு காதாக.

சாலை திரும்பப் படுத்துக்கொண்டது.
டிராம் மணி, வண்டிக்காரன் வசவு,
போலீஸ்காரரின் விசில்.
எல்லோரும் நகர்ந்தார்கள்.
அவன் மட்டும் நகரவில்லை.
கழுத்து நரம்பு புடைக்க,
வியர்வை மூக்கு நுனியில் சொட்ட,
திரும்பாமலே கேட்டான்:
"ஆச்சா?"

அவள் உடனே சொல்லவில்லை.
கடைசி வரிசையில் இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள்.
பிறகு, "போ" என்றாள்.

கண்ணாடி போயிற்று,
எங்கள் எல்லோரையும் கொஞ்சம் கொஞ்சமாகச் சிறிதாக்கிக்கொண்டு.

என் கரியில் ஒரு கணவாய்
கருகிப்போயிருந்தது.
அரை விலைக்கு விற்றேன்.