மணிக்கு ஐந்து கிலோமீட்டர்

வேளச்சேரி மேம்பாலத்தில் காரை ஏற்றி நிறுத்திவிட்டு
நடந்தே வீடு வந்தேன்.
எனக்கு முன்பே அங்கே நாற்பது கார்கள்.

அந்தமானுக்கு அப்பால்
சூடேறிக் கிடந்த கடல் ஈரம் விட,
மேலேறிய ஈரம் குளிர்ந்து மேகமாகிச் சூட்டைக் கக்க,
அந்தச் சூடு இன்னும் ஈரத்தை இழுத்தது.
பூமி சுற்றுகிற சுற்றில்
நேராக வந்த காற்றும் வழி பிசகி
இடஞ்சுழித்தது.
பிறகுதான் பெயர் வைத்தார்கள்.

காலையில் மணிக்கு ஐந்து கிலோமீட்டர்:
முழங்கால் வலியோடு நான் நடக்கிற வேகம்.
இரவுச் செய்தியில், நகரவில்லை என்றார்கள்.
நின்ற இடத்திலேயே
தின்றுகொண்டிருக்கிறதாம்.

மாடியில் பெனடிக்டா
தண்ணீர்த்தொட்டி மூடிமேல் செங்கல் வைக்கிறாள்.
"ஒண்ணு போதுமா?"
வேப்பமரத்தில் ஓர் இலை அசையவில்லை.
இரண்டாவதையும் எடுத்துக் கொடுத்தேன்.