சைபனுக்குள்

எங்கள் பக்கம் கல் கிடையாது.
அம்மிக்கும் ஆட்டுக்கல்லுக்கும்
திருச்சியிலிருந்து வண்டி வரவேண்டும்.
முந்நூறடி போர் இறக்கினாலும்
களி, மணல், மறுபடி களி,
அப்புறம் உப்புத்தண்ணீர்.

அதனால்தான் போன ஜனவரியில்
அலுவலகச் சுற்றுலாவில் பொர்ரா குகை வாசலில்
தையல்நாயகி டிக்கெட்டைப் பிடித்தபடி நின்றுவிட்டாள்:
"இவ்வளவும் கல்லா? யாரோடது?"

வழிகாட்டிக்குக் கையில் டார்ச், வாயில் பட்டியல்.
இது யானை. இது முதலை. இது தாயும் பிள்ளையும்.
பச்சை விளக்கும் சிவப்பு விளக்கும் போட்டு
எல்லாவற்றுக்கும் பேர் வைத்திருந்தார்கள்.
பேர் வைக்க மறந்த ஒரு மூலையில்தான்
நான் அதிக நேரம் நின்றேன்.
சொட்டு விழுந்துகொண்டிருந்தது.
ஓர் அங்குலம் வளர ஆயிரம் வருஷமாம்.
பஸ் கிளம்ப இருபது நிமிஷம்.

இன்று மே முப்பது.
மன்னார்குடிக்குத் தெற்கே, கோரையாற்றின் அடியில்
வடிகால் நுழைந்து போகும் சைபன்.
தண்ணீர் வருமுன் உள்ளே போய்ப் பார்த்து எழுதவேண்டும்.
முழங்கால் சேறு. வௌவால் மூத்திர வாடை.
லஸ்கர் சிங்காரவடிவேல் குனிந்து முன்னால் போகிறார்,
என் செல்போன் வெளிச்சத்தில்
அவர் காது மட்டும் சிவப்பாகத் தெரிகிறது.

நடுக் கண்ணில் அண்ணாந்தேன்.
கோடை மழை இறங்கிய வெடிப்பெல்லாம்
வெள்ளைக் குழல்கள், விரல் நீளத்தில்.
சிலது ஊசி. சிலது பால்பல்.
நுனியில் ஒரு சொட்டு
விழலாமா என்று யோசித்தபடி.

"இது என்னன்னு தெரியுதா?" என்றேன்.
"தெரியுதும்மா. ஒழுகுது.
எண்பத்தொன்பதுல கட்டினது.
கலவை பத்தாதுன்னு அப்பவே சொன்னேன்."

குகையைப் பற்றிச் சொன்னேன், டிக்கெட் விலையையும்.
ஒன்றை ஒடித்து வெளிச்சத்தில் பிடித்தார்.
உள்ளே வெறும் துளை.
ஊதிப் பார்த்தார், சத்தம் வரவில்லை.
வெற்றிலைக்கு ஆகுமா என்று
நகத்தால் சுரண்டிக்கொண்டே நடந்தார்.

குறிப்பேட்டில் எழுதினேன்:
நடுக் கண், மேல்தளம், சுண்ணாம்புக் கசிவு.
சுரண்டி எடுத்துப் பூசவேண்டும்.
பதினான்கு சதுர மீட்டர்.
கீழே ஒரு வரி சேர்த்தேன்:
இடது மூலை கைக்கு எட்டவில்லை.

தோளுக்கு மேலாக எட்டிப் படித்தார்.
"ஆபீஸ்ல ஏணி இருக்கும்மா."
பன்னிரண்டாம் தேதி தண்ணீர் திறக்கிறார்கள்,
நேரமில்லை என்றேன்.
அவர் மூலையைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார்,
பேசாமல் வெளிச்சத்தை
வாசல் பக்கம் திருப்பச் சொன்னார்.