காரணக் கணம்

நாங்குநேரிக்குத் தெற்கே மூன்றாவது லெவல் கிராசிங்.
ஓர் அறை, ஒரு வேம்பு,
நாலு நிமிடம் பின்தங்கி ஓடும் கடிகாரம்,
கித்தேரியம்மாள், எம்.எஸ்ஸி. இயற்பியல்,
கேட் கீப்பர்.

இரவு ஷிப்டில் நான் படிக்கும் தாள்களை
உலகத்தில் சில நூறு பேர் படித்தால் அதிகம்.
பெரியதைச் சொல்லும் கணக்கும் சிறியதைச் சொல்லும் கணக்கும்
ஒரே வீட்டில் முகம் பார்க்காத ஓரகத்திகள்.
சமாதானம் பேசப் போனவர்களில்
இவர்கள் புறவாசல் வழியாகப் போனவர்கள்.
இடம் என்று விரித்துப் போட்ட ஒன்று இல்லை,
நிகழ்ச்சிகள்தான் உண்டு என்கிறார்கள்,
தனித்தனியாக, நெல்மணி மாதிரி.
எது எதற்கு முன், மொத்தம் எத்தனை:
இந்த இரண்டும் தெரிந்தால்
தூரம், வளைவு, ஈர்ப்பு எல்லாம்
எண்ணியே எடுத்துவிடலாமாம்.

தமிழில் எழுதிப் பார்த்தேன். காரணக் கணம்.
பத்தாம் வகுப்புக் கணக்கில் கணம் என்றால் கூட்டம்,
புத்தகத்தை மூடினால் கணம் என்றால் நொடி.
பெங்களூரில் யாருக்கும் வாய்க்காத சிலேடை
கேட்டடியில் எனக்குக் கிடைத்தது, சொல்லத்தான் ஆளில்லை.
டிராக்மேன் சங்கிலிபூதத்தானிடம் சொன்னேன்.
"டீ ஆறுதுக்கா" என்றான்.

ஆனி பிறந்து காற்று திரும்பியது.
ஆரல்வாய்மொழி இடைவெளியில் புகுந்து வந்ததோடு
நாலு பொட்டுச் சாரல்.
தண்டவாளத்து ஓரச் செம்மண்ணில் இங்கொன்றும் அங்கொன்றும்.
கட்டம் போட்டு விழுந்தால் கட்டத்துக்கு ஒரு திசை வந்துவிடும்,
ஓடுகிறவன் வேறு உலகம் பார்ப்பான், நிற்கிறவன் வேறு.
அதனால் நிகழ்ச்சிகளும் இப்படித்தான்,
இறைத்துவிட்டது போலக் கிடக்கின்றன என்கிறது தாள்.
ஓரத்தில் 'சரி' என்று எழுதினேன். பென்சில் நனைந்திருந்தது.

மறுநாள்தான் இறக்கை வந்தது.
பணகுடிப் பக்கத்துக் காற்றாலைக்கு. ஐம்பத்தெட்டு மீட்டர்,
வெள்ளை வெளேரென்று ஒற்றை இறக்கை,
முன்னால் விசிலடித்துக்கொண்டு இரண்டு பையன்கள்.
மூக்கு கேட்டைத் தாண்டி உடைமரத்து வளைவில் திரும்பும்போது
வால் இன்னும் டீக்கடையை விட்டு வரவில்லை.
அப்படியே இறுகி நின்றது.
"பின்னால எடுலே!"
"எங்கலே எடுக்க!"
எக்ஸ்பிரஸ் வண்டி சிக்னலில் பத்தொன்பது நிமிடம் கூவிக்கொண்டு கிடந்தது.

விசாரணைக்குத் திருவனந்தபுரத்திலிருந்து வந்தவர் நல்ல மனிதர்.
பேனாவைத் திறந்தார்.
"லாரி எத்தனை மணிக்கு கேட்டைக் கடந்தது?"
மூக்கா சார், வாலா?
"சேர்த்துத்தாம்மா."
சேர்த்து ஒரு நேரம் இல்லை சார்.
மூக்கு கடந்தது. வேப்பங்கிளை ஒடிந்தது.
போன் மணி அடித்தது, ஸ்டேஷன் மாஸ்டர் எண் கேட்டார்,
தர மாட்டேன் என்றேன்.
ஆட்டுக்காரர் வேலிக்கல்லைப் பிடுங்கினார்.
அப்புறம் வால் கடந்தது.
"டீக்கடையில் பாட்டில் உடைந்தது? போன் வந்ததற்கு முன்னாலா, பின்னாலா?"
அதற்கும் போனுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை சார்.
முன்னும் இல்லை. பின்னும் இல்லை.

கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார்.
படிவத்தில் அந்தக் கட்டம் சின்னது, ஒரு நேரம்தான் கொள்ளும்.
16.42 என்று அவரே எழுதினார்.
கையெழுத்துப் போட்டேன். குடும்பம் இருக்கிறது.

இந்தக் கொள்கைக்கும் ஒரு சங்கடம் உண்டு.
முன் பின் என்று கண்டபடி கோத்தால்
பெரும்பாலும் மூன்றே அடுக்குள்ள ஒரு பொதிதான் வருகிறதாம்.
மூன்றாம் அடுக்கோடு காலம் முடிந்துவிடும்.
டீ ஆறக்கூட நேரம் இருக்காது.
எத்தனையோ கோடிப் பொதிகளுக்கு நடுவே
இந்த உலகம் எப்படிச் சிக்கியது என்று
இன்னும் ஒருவரும் சரியாகச் சொல்லவில்லை.

ஒடிந்த கிளையில் இலை இன்னும் வாடவில்லை.
மணி அடிக்கிறது. மாஸ்டர் தன் எண் சொல்கிறார், ஐம்பத்து மூன்று.
கேட்டைப் பூட்டி, சாவியைக் கையில் எடுத்த பிறகு
என் எண் சொல்கிறேன், பதினேழு.