உம்

என் முதல் பாட்காஸ்ட்டில்
நாற்பத்தொரு நிமிடம்
நான் உம் கொட்டிக்கொண்டிருக்கிறேன்.
எதிரில் யாரும் இல்லாதது போல.

இருந்தாள். நாகவேணி.
கிருஷ்ணகிரி சுங்கச்சாவடி, ஏழாம் கவுன்ட்டர்.
இரவு ஷிப்ட் முடித்து
கண் எரிய எரிய பஸ் ஏறி வந்தவள்.
"பேசறதுக்கு என்ன இருக்கு?
வண்டி வரும், போகும்" என்றாள்.
அதுதான் வேண்டும் என்றேன்
எல்லாம் தெரிந்தவன் போல.

காவேரிப்பட்டணம், மாடி அறை, மே மாதம்.
ஜன்னலுக்கு மெத்தையைச் சாத்தியிருந்தேன்.
சுவரெல்லாம் முட்டை அட்டை,
கறிக்கடை இம்தியாஸ் ஓசியில் கொடுத்தது,
இரண்டில் இன்னும் இறகு ஒட்டியிருந்தது.
ஃபேனை நிறுத்தினேன்.
மாங்கூழ் ஃபேக்டரி வாசலில்
வரிசை கட்டிய லாரிகளை நிறுத்த முடியவில்லை.
ஹாரன் அடிக்க அடிக்க
கண்ணை மூடிக்கொண்டே சொன்னாள்:
இது ஈச்சர். இது டாரஸ்.
இவன் ஓட்டக் கத்துக்கறவன்.

மைக் இரண்டு, ஓசூரில் பேரம் பேசி வாங்கியது.
என்னுடையதில் பச்சை விளக்கு.
அவளுடையதில் சிவப்பு.
சிவப்பு எரிந்தால் பதிவாகிறது என்று
எங்கே பார்த்து வைத்திருந்தேனோ.
அந்த மைக்குக்கு அது
சார்ஜ் தீர்ந்த நிறம்.

ராத்திரி ஹெட்போன் மாட்டிக் கேட்டேன்.

உம்.
உம், உம்.
அப்படியா.
ஒரு சிரிப்பு, எனக்கே சகிக்கவில்லை.
அய்யோ.
சரி சரி.
உம்.

உம் கொட்டாவிட்டால்
கதை நின்றுவிடும் என்பார்கள்.
கொட்டியும் நிற்கும் போல.

கேட்கிற நான் எப்படியிருப்பேன் என்று
முப்பத்து மூன்று வயதுவரை தெரியாது.
வாக்கியம் முடியுமுன் விழுகிறது ஓர் உம்,
பின்னால் வருகிறவன் ஹாரன் மாதிரி.
பன்னிரண்டாம் நிமிடத்து உம்மில் ஆளே இல்லை,
மணி பார்த்திருப்பேன்.
பத்தொன்பதில் காகிதம் புரள்கிறது,
நம்பர் போட்டு எழுதிய கேள்விகள்.

ஒலியை முழுக்கக் கூட்டினேன்.
என் மைக்கின் அடியில்
பக்கத்து வீட்டு டிவி போல
அவள்.
பெரும்பாலும் புரியவில்லை.
ஆம்புலன்ஸ் என்று ஒரு சொல்.
கம்பியைத் தூக்கறதுக்குள்ள என்று ஏதோ.
இருபத்தேழாம் நிமிடம் மட்டும்
லாரிகள் எப்படியோ ஓய்ந்திருந்தன:
"இத நான் எங்க வீட்டுக்காரருகிட்டகூட..."

அதன் மேல் என் குரல்,
தெளிவாக, இரைச்சலே இல்லாமல்:
"சூப்பர். அடுத்த கேள்விக்குப் போலாமா?"

மறுபடி வந்தாள், பாவம், வார ஓய்வில்.
இரண்டு விளக்கும் பச்சை.
பதினெட்டு நிமிடம் அழகாகப் பேசினாள்.
சில்லறைத் தகராறு,
படிக்க மறுக்கும் ஃபாஸ்டேக்,
தீபாவளிக்கு மைசூர்பாகு நீட்டிய டிரைவர்.
ஆம்புலன்ஸ் வரவில்லை.
கேட்கலாமா என்று வாயெடுத்தேன்.
எந்த முகத்தோடு?

அதைத்தான் வெளியிட்டேன்.
இருபத்திரண்டு பேர் கேட்டார்கள்.
"வாய்ஸ் நல்லாருக்கு பாய்" என்றான் இம்தியாஸ்,
என் குரலைத்தான் சொன்னான்.

முதல் கோப்பை அழிக்கவில்லை.
அவள் கவுன்ட்டரில் உட்கார்ந்திருக்கும் நேரம்
சில இரவு அதைப் போடுவேன்.
இருபத்தேழு நெருங்கும்போது
எழுந்துபோய்
ஃபேனை நிறுத்துவேன்.